சாமி, ஷூ எங்க?

மாலை போட்டவனுக்குப் பெயர் கிடையாது. கறுப்பு வேட்டி, தாடி, வெறுங்கால். டிரைவரும் சாமி, டாக்டரும் சாமி. இது எவ்வளவு உயர்ந்த சமத்துவம் என்று மணிக்கணக்கில் பேசுவேன். எவ்வளவு ஆபத்தானது என்பதும் எனக்குத் தெரியும்.

திண்டிவனத்தை அடுத்த அரசுக் கல்லூரி ஒன்றில் வேதியியல் இறுதியாண்டு படிக்கும்போது, முதல்முறையாகச் சபரிமலைக்கு மாலை போட்டேன். பிராக்டிகல் தேர்வு வந்தது. ஆசிட் புழங்கும் லேபுக்குள் ஷூ இல்லாமல் விடமுடியாது என்றார் துறைத் தலைவர். தேர்வு போனால் அரியர். டிகிரி அடுத்த வருஷம்தான். "இதுக்கு என்ன வழி சார்?" என்று கேட்டிருக்கலாம். (கேட்பதா? அரசியல் சட்டத்தின் மத உரிமைப் பகுதியை அப்போதுதான் மொபைலில் படித்து முடித்திருந்தேன்.)

தேர்வன்று விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் நடுவயதுச் சாமி ஒருவர். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுவதற்குள் என் வழக்கை வாதாடி முடித்தேன். துறைத் தலைவருக்குப் பக்தியே கிடையாது, வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் அவருக்கு ஜால்ராதான் போடுவார் என்றேன்.

"உள்ள உடலைன்னா இன்னா பண்ணுவீங்க சாமி?"

"வாசல்லயே குந்திக்கினு சரணம் போடுவேன் சாமி. எக்ஸாம் எப்படி நடக்குதுன்னு பாத்துடறேன்."

"அப்ப மத்த புள்ளைங்க?"

(கூட்டேரிப்பட்டில் அவித்த வேர்க்கடலையோடு ஏறிய மல்லாட்டைக்காரரை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன்.)

சொன்னபடி லேப் வாசலில் உட்கார்ந்தேன். முதல் சரணத்துக்கே கதவு திறந்தது. கறுப்பு வேட்டிக்கு மேல் வெள்ளைக் கோட்டு, காலில் கேன்வாஸ் ஷூ. பஸ் சாமி.

"ஜால்ரா வந்துட்டேன் சாமி. ஷூ எங்க?"

இரண்டாவது சரணத்தை விட்டுவிட்டு எழுந்து நின்றேன்.

"தோலுதான் கூடாது, துணி ஷூ லேப்ல மட்டும் போட்டுக்கன்னு எங்க குருசாமி சொன்னாரு. நீங்க யாரையாச்சும் கேட்டீங்களா?"

"இல்ல சார்... சாமி."

பின்னாலிருந்து துறைத் தலைவர் ஒரு பெட்டியை நீட்டினார். எனக்காக முந்தின நாளே கடைத்தெருவில் வாங்கிய கேன்வாஸ் ஷூ. "சொல்லலாம்னு வந்தேன். நீ எங்கடா பேச உட்ட?"

இரண்டு சைஸ் பெரிது. கோமாளி மாதிரி டப்டப்பென்று நடந்தேன்; தேர்வில் கொடுத்த உப்பு எதுவென்று சரியாகக் கண்டுபிடித்தேன். வெளியே வந்து ஷூவைக் கழற்றியபோது வந்த நிம்மதி மூச்சு, மலை ஏறி இறங்கியபோதுகூட வரவில்லை.

அந்த ஷூ இன்னும் லேப் பீரோவில் இருக்கிறது, மாலை போட்ட மாணவர்களுக்காக. என் தங்கை இப்போது அங்கேதான் படிக்கிறாள். அந்த ஷூவுக்கு 'குமரன்' என்று என் பெயரையே வைத்துவிட்டார்களாம். கார்த்திகை பிறந்தால் போதும், அவள் கல்லூரியிலிருந்து வந்ததும் அம்மா சமையலறையிலிருந்து கேட்பார்:

"இன்னிக்கி குமரன எத்தினி பேரு மிதிச்சாங்க?"