பெல்ஹாம் துரைக்கு எத்தனை வலது கை?

நைல் நதியின் மேற்குக் கரையில் முதலை அற்றுப்போய் வெகு காலமாயிற்று. 'துரைக்கு வலது கையாக இருந்தவரின் பேரன்' என்ற இனம் மட்டும் பெருகிக்கொண்டே போகிறது.

பெல்ஹாம் துரையைத் தெரியாதா? மற்ற வெள்ளைக்காரர்கள் வெடி வைத்துத் தங்கம் தேடிய காலத்தில், மண்ணைச் சலித்து, உடைந்த பானை ஓடுகளைப் பொறுக்கி, அதை வைத்தே பாரோ மன்னர்களின் காலத்தைச் சொன்ன முதல் மனிதர். செத்து எண்பது வருஷம் இருக்கும். அவர் கண்டுபிடித்ததெல்லாம் மியூசியத்தில் இருக்கிறது. கண்டுபிடிக்காததெல்லாம் எங்கள் ஊர்ப் பேரன்மார் வாயில் இருக்கிறது.

நல்ல மாதிரி வேண்டுமானால் ஷஹாத்தாவைப் பாருங்கள். காப்பிக்கடையில் ஹுக்காவை ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, யாரும் கேட்காமலே ஆரம்பிப்பார்: "எங்க தாத்தா விரலை நீட்டுவாரு, துரை தோண்டுவாரு. அவ்வளவுதான்!"

எதிரே இருந்த அவ்வாத் என்பவரும் அப்படி ஒரு பேரன்தான். விடுவாரா?

"உங்க தாத்தா துரையோட கழுதைக்குத் தண்ணி காட்டினவருய்யா. நீட்டினது விரலையா, வாளியையா?"

கடையே சிரித்தது. ஷஹாத்தாவுக்குச் சுருக்கென்றது. வாய் முந்திக்கொண்டது.

"வாளியா? துரை கண்ணுல படாத கடைசிக் கல்லறை எங்க இருக்கு தெரியுமா? எங்க வீட்டு அடுப்புக்குக் கீழ! தாத்தா சாகும்போது எங்கிட்டதான் சொன்னாரு."

எங்கள் ஊரில் எதை வேண்டுமானாலும் அளக்கலாம், இதை மட்டும் கூடாது. அடியில் கல்லறை இருந்தால் மேலே இருக்கிற வீடு சர்க்காருடையது. மறுநாளே தொல்லியல் இன்ஸ்பெக்டர் கடப்பாரை ஆட்களோடு வந்து நின்றார். பின்னால் காப்பிக்கடை முழுவதும்.

"ஹாஜி, தோண்டணும்னா வீட்டை இடிக்கணும். புளுகுன்னா இப்பவே சொல்லிருங்க, போயிடறோம்."

"ஹசனப் பெத்தவரே, புளுகுன்னு சொல்லித் தொலையுமே!" மாவுக் கையோடு அலறினாள் மனைவி ஃபத்ஹியா. "பிள்ளைங்க எங்க படுக்கும்?"

ஷஹாத்தா வீட்டைப் பார்த்தார். அவ்வாத்தைப் பார்த்தார். அவ்வாத்தின் உதட்டோரம் லேசாக நெளிந்தது.

"தோண்டுங்க," என்றார் ஷஹாத்தா.

என்ன கிடைத்தது? பாறை. இப்போது மச்சான் வீட்டு மொட்டைமாடியில் குடித்தனம். கேட்டால், "ஒரு முழம் தள்ளித் தோண்டியிருக்கணும், மடப்பசங்க" என்கிறார். ஃபத்ஹியா அவரோடு பேசுவதில்லை.

சிரிக்கிறீர்களா? 'அந்தப் பெரிய மனுஷரை வளர்த்துவிட்டதே எங்கப்பாதான்' என்று போன கல்யாணப் பந்தியில் சொன்னது யார்? பக்கத்து இலைக்காரர் "அப்படியா?" என்று இளித்ததும் நீங்கள் குரலைத் தாழ்த்தி இன்னும் கொஞ்சம் சேர்த்தீர்களே, இல்லையா?

எதற்கும் வீட்டுச் சாமான்களை இப்போதே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.