டெக் அண்ணனும் ஜப்பான் பயில்வானும்

ஜப்பான்காரர்களுக்கு மதுரைத் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்த முதல் மனிதர் எங்கள் டெக் அண்ணன்தான். ஜப்பான் அரசாங்கம் இதை ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம். கோச்சடையில் எங்கள் காம்பவுண்டில் குடியிருந்த அத்தனை பேரும் சாட்சி.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. சொந்தமாக ஒரு கலர் டி.வி.யும் வீடியோ டெக்கும் வைத்திருப்பவரைத் தியேட்டர் முதலாளிக்கு அடுத்தபடியாக மதித்த காலம். காதுகுத்தோ வளைகாப்போ, வாடகைக்கு டெக் எடுத்து ரெண்டு படம் போட்டால்தான் விசேஷம் விசேஷமாக இருக்கும். காம்பவுண்டு வாசலை ஒட்டிய சின்ன அறையில் அண்ணன் அந்தத் தொழிலை நடத்தினார். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். எழுதுவதற்கு அல்ல, தொளதொளத்த கேசட்டை இறுக்கிச் சுற்றுவதற்கு.

தொழிலுக்கு வேண்டிய எல்லாம் அவரிடம் இருந்தன. வாயை மூடிக்கொண்டிருக்கும் குணம் மட்டும் இல்லை. யாராவது வந்து ஒரு படத்தின் பெயரைச் சொல்லி, "அண்ணே, மகளுக்குச் சடங்கு. இந்தப் படம் போடணும்" என்பார்கள்.

"வேணாம்ணே. இடைவேளை வரைக்கும் படம். அதுக்கப்புறம் அவிங்களுக்கே என்ன செய்யுறதுன்னு தெரியல."

"சனங்க கேக்குறாங்கண்ணே."

"சனங்க கேப்பாங்க. நான் எப்படிண்ணே மனசறிஞ்சு போடுறது?"

வந்தவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அப்படியும் மனம் தளராமல் இவரையே கூப்பிட்டவர்களுக்கு வேறு சோதனை காத்திருக்கும். ஒரு வளைகாப்பில், கதாநாயகன் வில்லன் மீது பாய்ந்து அந்தரத்தில் நிற்கும்போது படத்தை நிறுத்திவிட்டார். திரையில் ஆள் தொங்க, இவர் எழுந்து நின்று, "இந்த எடத்துல ஒரு விஷயம் கவனிக்கணும்" என்று ஆரம்பித்தார். அவர் பேசி முடிப்பதற்குள் கர்ப்பிணிக்கு வளையல் போட்டு முடித்துச் சாப்பாடும் பரிமாறிவிட்டார்கள்.

இப்படிப்பட்டவர் கையில் அந்த மூன்று கேசட்டுகள் வந்து சேர்ந்ததை விதி என்றுதான் சொல்ல வேண்டும். அவர் டெக் வாங்கியது சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவரிடம். அந்த மனிதர் அங்கே ஒரு ஜப்பான்காரர் வீட்டில் டிரைவராக இருந்தவர். ஊருக்குக் கிளம்பும்போது அந்த வீட்டில் கொடுத்த டெக்கோடு மூன்று கேசட்டுகளும் சேர்ந்து வந்துவிட்டன. போட்டுப் பார்த்தால் முழுக்க ஜப்பான் பாஷையில் ஒரு கார்ட்டூன் தொடர். நோஞ்சான் பையன் ஒருவன் கடற்கரைக் கிராமத்தில் தன் தாயோடு இருக்கிறான். பயில்வான்கள் கோவணத்தோடு மோதிக்கொள்ளும் ஒரு கூடத்தில் போய்ச் சேருகிறான். அடி வாங்குகிறான், அண்டா அண்டாவாகச் சாப்பிடுகிறான், கொஞ்சம் கொஞ்சமாகக் குண்டாகிறான். கடைசியில் மலை போன்ற ஒரு பயில்வானோடு மோதப் போகிறான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து நிற்கும்போது மூன்றாவது கேசட் தீர்ந்துவிடுகிறது.

அண்ணன் அதில் விழுந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காம்பவுண்டு முழுவதையும் கூப்பிட்டு இலவசமாகப் போட்டார். பாஷை யாருக்கும் புரியாததால் டி.வி. பக்கத்தில் நின்றுகொண்டு எல்லோருக்கும் அவரே குரல் கொடுத்தார். பையனுக்கு முத்துக்காளை என்று பெயர் வைத்தார். மலை போன்றவன் பெரியமலை. தாய் பேசும்போது குரலைக் கீச்சென்று ஆக்கிக்கொண்டு, "ஏலேய் முத்து, பட்டினியாவா கெடக்க, கண்ணு" என்று கேட்பார். எங்கள் வீட்டுப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பயில்வான்கள் மோதுவதற்கு முன் உப்பை அள்ளி வீசினால், "இருடி மவனே, மொதல்ல திருஷ்டி கழிச்சுக்கிறேன்" என்பார். விசிறியோடு நடுவில் நிற்கும் நடுவர் இவர் வாயில் பஞ்சாயத்துத் தலைவர் ஆகிவிட்டார்.

எதிரி உருவானது எதிர்வீட்டில். அங்கே குடியிருந்த டிராயிங் டீச்சரின் தம்பி கப்பலில் வேலை பார்த்தான். அக்காவுக்குப் படம் வரையப் பிடிக்கும் என்று ஏதோ ஒரு ஜப்பான் துறைமுகத்தில் ஒரு படக்கதைப் புத்தகம் வாங்கி வந்திருந்தான். செங்கல் கனம். பக்கம் பக்கமாகக் கறுப்பு மையில் சித்திரங்கள். ஒரு நாள் அதை டீச்சர் கையில் பார்த்த அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். அட்டையில் முத்துக்காளை.

"டீச்சர், இது நம்ம பய."

"உங்க பய இல்லண்ணே. கேசட்டுல இருக்கறவன் வேற, இவன் வேற. இந்தக் கதையத்தான் அவங்க கெடுத்து வச்சிருக்காங்க."

சண்டை அங்கே தொடங்கியது. டீச்சர் படங்களைப் பார்த்தே படித்த கதையில் ஒரு மாபெரும் பயில்வான், கோப்பையும் கையுமாக, ஊரே கொண்டாட ஆரம்பிக்கிறான். பிறகு ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறான். கோப்பை போகிறது, கூட்டம் போகிறது, உடம்பு இளைக்கிறது. முடிவில் நோஞ்சான் பையனாகத் தன் தாயிடம் திரும்பி வந்து கடலைப் பார்த்து உட்காருகிறான்.

"மேல போறத யாரு வேணா காட்டலாம்" என்றார் டீச்சர். "எல்லாத்தையும் விட்டுட்டு வாரது எம்புட்டுப் பெரிய விஷயம். இதுல தத்துவம் இருக்கு."

"ஒல்லிப் பய குண்டாகுறது கதை. குண்டன் ஒல்லியாகுறது வியாதி, டீச்சர்."

"கோட்டைப் பாருங்கண்ணே. ஒவ்வொரு கோட்டுலயும் உயிர் இருக்கு. உங்க கேசட்டுல பெயிண்டு அடிச்ச மாதிரி இருக்கு."

"உங்க புஸ்தகத்துல கடல் அசையுமா?"

"உங்க கேசட்டுல கடல் மட்டுந்தான் அசையுது. பயில்வான் அரை மணி நேரமா அப்படியே நிக்கிறான்."

"அவன் யோசிக்கிறான் டீச்சர்."

"என்னத்த?"

"அடுத்த கேசட்டுல என்ன செய்யலாம்னு."

காம்பவுண்டு இரண்டாகப் பிரிந்தது. கேசட் கட்சி, புத்தகக் கட்சி. தண்ணீர்க் குழாயடியில் இதே பேச்சு. புருஷன் கேசட் கட்சியாகவும் பெண்டாட்டி புத்தகக் கட்சியாகவும் இருந்த ஒரு வீட்டில் தனித்தனியாகக் காபி போட்டுக் குடித்தார்கள். நான் எந்தக் கட்சியில் இருந்தேன் என்றால், யார் எதிரில் நிற்கிறார்களோ அவர்கள் கட்சியில்.

இந்த நிலையில்தான் மாயாண்டியின் தங்கை கல்யாணம் வந்தது. மாயாண்டி எங்கள் காம்பவுண்டில் கடைசி வீடு. நான் வேலை பார்த்த லாரி புக்கிங் ஆபீசிலேயே அவனும் கிளார்க். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர். அடுத்தவர் காட்டில் கூலிக்கு உழைத்த குடும்பத்திலிருந்து படித்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போன முதல் ஆள். மாப்பிள்ளை டவுன்காரர். பேச்சுவார்த்தையின்போது மாப்பிள்ளையின் தாய்மாமன், "உங்க ஊருக்கெல்லாம் டெக் வருமா தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். மாயாண்டிக்கு அந்தச் சிரிப்பு தைத்துவிட்டது. "புதுப் படமே போடுறோம்" என்று சொல்லிவிட்டு நேரே டெக் அண்ணனிடம் வந்தான்.

"அண்ணே, இந்தத் தடவ மட்டும் படத்தப் பத்தி ஒண்ணும் சொல்லாதீங்க. போட்டுட்டு உக்காந்துருங்க."

"நீ சொல்லிட்டேல்ல மாப்ள. வாயத் தொறக்க மாட்டேன்" என்றார் அண்ணன்.

கல்யாணம் மாயாண்டியின் ஊரில். காம்பவுண்டே பஸ் ஏறியது. டி.வி.யை ஜமக்காளத்தில் சுற்றி ஜன்னல் ஓரத்து சீட்டில் உட்கார வைத்து, அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்து, அண்ணன் நின்றுகொண்டு வந்தார். மூன்று ஜப்பான் கேசட்டுகளையும் பையில் வைத்திருந்தார். அவற்றை வீட்டில் தனியாக விட்டு வர அவருக்கு மனம் வராது. டீச்சரும் செங்கல் புத்தகத்தோடுதான் வந்தார். வழி நெடுக வாதம் நடக்கும், ஆதாரம் கையில் வேண்டும் என்பது அவர் கணக்கு.

காலையில் தாலி கட்டி, மத்தியானம் பந்தி முடிந்தது. ஊர் அரிசி மில் குடோனில் ஜன்னல்களைச் சாக்கால் மூடி இருட்டாக்கியிருந்தார்கள். ஊரும் சம்பந்தி வீட்டாரும் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். தாய்மாமனுக்கு முன் வரிசையில் நாற்காலி. அண்ணன் புதுப்படத்தைப் போட்டுவிட்டு, கொடுத்த வாக்குப்படி வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

எழுத்து ஓடி முடிவதற்குள் டெக் உள்ளே கரகரவென்று சத்தம். திரையில் கோடு கோடாக வந்து எல்லாம் வெளுத்தது. மூடியைத் திறந்தால் நாடா முழுக்க உள்ளே சுற்றிக்கொண்டு நைந்து கிடந்தது. பென்சிலால் ஆகிற காரியம் இல்லை.

தாய்மாமன் எழுந்து வேட்டியை உதறினார். "நான் அன்னைக்கே சொன்னேன். கெளம்புங்கப்பா, வேனை எடுக்கச் சொல்லு."

மாயாண்டியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கதவோரம் நின்ற அவன் அம்மா, என்ன நடந்தது என்று தெரியாமலே கை கூப்பினாள். கல்யாணப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்ணன் மாயாண்டியைப் பார்த்தார். "மாப்ள, வாயத் தொறக்கலாமா?"

மாயாண்டி தலையாட்டினான்.

அண்ணன் எழுந்தார். "உக்காருங்க பெரியவரே. அந்தப் படம் மதுரையில எல்லா வீட்டுலயும் ஓடுது. இது ஜப்பான் படம். தமிழ்நாட்டுல வேற எந்தக் கல்யாணத்துலயும் போட்டதில்ல. உங்க சம்பந்தி வீட்டுலதான் மொதமொதல்ல."

பெரியவர் நின்றபடியே யோசித்தார். சிக்கிய நாடாவை அண்ணன் உருவி எறிய, மூன்றாவது கேசட் உள்ளே போனது. முத்துக்காளை எங்கே பிறந்தான், எப்படி அடிபட்டான் என்று நாலே வாக்கியத்தில் முன்கதை சொன்னார் அண்ணன். பிறகு குரல் கொடுக்கத் தொடங்கினார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்ட குரல் இல்லை இது. குடோன் சுவர் அதிர்ந்தது. கோவணத்தோடு பயில்வான்கள் வந்ததும் பெண்கள் சிரித்து முகத்தை மூடினார்கள். தாய் சோறு ஊட்டியபோது அதே பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். பெரியமலை காலைத் தூக்கித் தரையில் மிதித்து, "எவன்டா அவன், மதுரையிலேர்ந்து வந்தவன்?" என்று கேட்டபோது தாய்மாமன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மோதல் ஆரம்பித்ததும் நாற்காலி நுனிக்கு வந்தார். "கால வாருடா முத்து" என்று கத்தியவர் அவர்தான்.

இரண்டு பேரும் கட்டிப்பிடித்து நின்றார்கள். கேசட் தீர்ந்தது. திரையில் வெறும் புள்ளிகள்.

"என்னப்பா ஆச்சு? ஜெயிச்சானா இல்லையா?" தாய்மாமன் எழுந்தார். குடோன் முழுக்க அதே கேள்வி.

அண்ணன் ஜெயித்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஜப்பான் பாஷைக்கு என்ன வசனம் வேண்டுமானாலும் வைப்பார், நடக்காததை நடந்ததாகச் சொல்ல அவருக்கு வராது. "இதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க" என்றார். குரல் உடைந்தது. அது அவருடைய சொந்தத் துக்கம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

அப்போது டீச்சர் சரசரவென்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த மோதல் தன் கதையின் ஆரம்பப் பக்கங்களில் எங்கோ இருந்தது அவருக்கு நினைவு. கண்டுபிடித்தார். இருவரும் கட்டிப்பிடித்து நிற்கும் அதே காட்சி. அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதில் முத்துக்காளை இன்னும் களத்திலேயே இறங்கவில்லை. முந்தின பக்கத்துக்கு வந்தார். பெரியமலையின் கால் வழுக்குகிறது. அதற்கும் முந்தின பக்கம். டீச்சரின் கை நின்றது.

"அண்ணே" என்றார் மெதுவாக. "இத நான் கடைசிப் பக்கத்துலேர்ந்து தலைகீழாப் படிச்சிட்டேன். இவங்க வலது பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கிறாங்க. ரெண்டும் ஒரே கதைதான். உங்க கேசட்டுக்கு மிச்சம் இதுல இருக்கு."

அண்ணன் அவரை ஒரு நொடி பார்த்தார். இத்தனை மாதச் சண்டையில் ஜெயித்த மனிதர் என்ன சொல்வார் என்று எங்கள் காம்பவுண்டே மூச்சைப் பிடித்தது. அவர் சொன்னது இதுதான்: "படத்தத் தூக்கிக் காட்டுங்க டீச்சர். நீங்க கதையச் சொல்லுங்க, நான் பேசுறேன்."

டீச்சர் டி.வி. வெளிச்சத்தில் புத்தகத்தை விரித்துப் பிடித்தார். "பெரியமலை கழுத்தைப் பிடிக்கிறான்" என்று அவர் சொல்ல, அண்ணன் மூச்சுத் திணறினார். "முத்துக்காளை குனிகிறான்" என்றதும் குடோனே குனிந்தது. பின்னால் இருந்தவர்களுக்குப் படம் தெரிந்திருக்காது. யாருக்கும் அது குறையாகப் படவில்லை. பெரியமலை வட்டத்துக்கு வெளியே போய் விழுந்தபோது எழுந்த விசிலில் கூரையில் இருந்த புறா அத்தனையும் பறந்தன. யாரோ மாலையைக் கொண்டுவந்து போட்டார்கள். யாருக்குப் போடுவது என்று தெரியாமல் டி.வி.க்குப் போட்டார்கள்.

தாய்மாமன் மாயாண்டியின் தோளில் கை போட்டார். "மாப்ள, அடுத்த மாசம் எம் பேரனுக்குக் காதுகுத்து. இந்த ரெண்டு பேரையும் நீதான் கூட்டிட்டு வரணும்." பேச்சுவார்த்தையின்போது தம்பி என்றவர் மாப்ள என்றுவிட்டார். மாயாண்டி சிரித்த சிரிப்பில் கல்யாணச் செலவெல்லாம் கரைந்துபோயிருக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் டீச்சரிடம், "இருந்தாலும் நீங்க படிச்ச கதையும் நல்லாத்தான் டீச்சர் இருந்துச்சு" என்றார். டீச்சர் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அண்ணனுக்குக் குரல் வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. எந்தப் படத்தைக் கேட்டாலும் தலையாட்டி எடுத்துக்கொடுத்தார். அவரை வாயை மூடச் சொல்லி அதுவரை கெஞ்சியவர்கள் நாங்கள். மாயாண்டி பனங்கற்கண்டு கொண்டுவந்தான். டீச்சர் மிளகுப் பால் காய்ச்சி அனுப்பினார். ஆளுக்கு ஒரு கை வைத்தியம் சொல்லி அந்தச் சின்ன அறையை மொய்த்தோம். அவருக்குக் குரல் திரும்பும்வரை எங்கள் காம்பவுண்டில் ஒருவரும் ஒரு படமும் பார்க்கவில்லை.