ஸ்டோர்ஸ் அண்ணனுக்கு வந்த மேலிடத்து உத்தரவு

கடவுள் சொன்ன பேச்சை ஸ்டோர்ஸ் அண்ணன் அளவுக்குக் கேட்டு நடந்தவரும் கிடையாது, அவர் அளவுக்கு முனகிக்கொண்டே நடந்தவரும் கிடையாது. கோயமுத்தூர் ஜில்லா முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் இப்படி ஓர் ஆள் அகப்பட மாட்டார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப்செட் கம்பெனி. நான் டெஸ்பாட்ச் பிரிவு, அவர் ஸ்டோர்ஸ். நட்டு, போல்ட்டு, பேரிங்கு, கை துடைக்கிற பழந்துணி வரைக்கும் எல்லாமே அவருடைய கம்பி வலைக்குள்தான் இருந்தன. அவருடைய சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவர் ஸ்டோர்ஸ் அண்ணன்தான்.

பிறவியிலேயே கெட்டிக் கை. புதுப் பேனா கேட்டுப் போனால், "பழசு எங்கீங்க அம்மணி?" என்பார். பழசைக் கொடுத்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இன்னும் ஒரு வாரத்துக்கு வருமுங்களே" என்று திருப்பித் தந்துவிடுவார். வந்த தபால் உறைகளைப் பிரித்து உள்பக்கம் வெளியே வரும்படி ஒட்டி மறுபடி பயன்படுத்துவார். மழை பெய்தால் செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெறுங்காலில் நடப்பார். கால் நனைந்தால் காய்ந்துவிடும், செருப்பு நனைந்தால் பிய்ந்துவிடும் என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்டவரைப் பார்த்துத்தான் கடவுள், கொடு, கொடு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் தடவை நான் பார்த்தது ஒரு சாயங்காலம், கம்பெனி வாசல் பஸ் ஸ்டாப்பில். நல்ல மழை. கைக்குழந்தையோடு ஒரு பெண் நனைந்துகொண்டு நின்றாள். அண்ணன் கையில் புதுக் குடை. கைப்பிடியில் சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. திடீரென்று அவர் முகம் கோணியது.

"என்னங்கண்ணா, பல்வலியா?"

"இல்லீங்க அம்மணி. சொல்றாருங்க."

"யாருங்க?"

விரலை மேலே காட்டினார். கம்பெனியில் மாடி அறை முதலாளியுடையது.

"முதலாளிங்களா?"

"அவருக்கும் மேலங்க."

இரண்டு நிமிடம் வானத்தைப் பார்த்து உதட்டுக்குள் ஏதோ வழக்காடினார். அப்புறம் விறுவிறுவென்று போய்க் குடையை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். "வெச்சுக்குங்க. திருப்பித் தர வேண்டாம்" என்றார். அதைச் சொன்ன குரல், ஏதோ திட்டுகிற குரல் மாதிரிதான் இருந்தது. அந்தப் பெண் பயந்துபோய் வாங்கிக்கொண்டாள். இவர் செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு மழையில் நடந்து போனார்.

அதற்குப் பிறகு அந்தக் கோணல் முகம் எனக்குப் பழகிவிட்டது. ஒரு நாள் வீட்டிலிருந்து வெள்ளாட்டுக்கறிக் குழம்பு வந்திருந்தது. டிபன் கேரியரைத் திறந்து முகர்ந்தவர் அப்படியே மூடி, வாசல் செக்யூரிட்டிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். "சாப்புட்டு முடிச்சதுக்கப்பறம் சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்று என்னிடம் கடவுளைப் பற்றிப் புகார் செய்தார். என்னுடைய தயிர்சாதத்தில் பாதியைக் கொடுத்தேன். வாங்கிச் சாப்பிட்டார். ஊறுகாய் கொஞ்சம் கூட வைத்திருக்கலாம் என்றார்.

பேரம் பேசியும் பார்த்திருக்கிறார். ஒரு மார்கழியில், காலையில் கம்பெனியைப் பெருக்க வருகிற அம்மாவுக்குத் தன் ஸ்வெட்டரைக் கொடுக்கச் சொல்லி உத்தரவாம். இவர் பழைய மப்ளரைக் கொடுத்துச் சமாளித்தார். மூன்று நாள் டீ இறங்கவில்லை. நாலாம் நாள் ஸ்வெட்டரோடு போனார். கொடுத்துவிட்டுத் திரும்பியவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்றைக்கு மட்டும் பழைய பேனாவைக் கேட்காமலேயே எனக்குப் புதுப் பேனா கொடுத்தார்.

"அது கடவுள்தான் சொல்றார்னு உங்களுக்கு எப்புடீங்க தெரியுது?" என்று ஒரு முறை கேட்டேன்.

"இதிலென்ன அம்மணி சந்தேகம். குடுக்கோணும்னு என்ர மனசுக்குத் தானா தோணவே தோணாதுங்க. தோணுச்சுன்னா அது அவருதான்."

எந்தச் சாமியாரும் எந்தப் பாதிரியாரும் எனக்குக் கடவுள் இருப்பதை இவ்வளவு சுருக்கமாக நிரூபித்ததில்லை.

அவர் கொடுக்காத பொருள் ஒன்று உண்டு. அது லீவு. வருடம் முழுக்க ஒரு நாளும் லீவு போடாதவருக்கு ஆண்டு விழாவில் சுவர்க் கடிகாரம் கொடுப்பார்கள். தொடர்ந்து ஒன்பது வருடம் அவர்தான் வாங்கினார். "ஊட்டுல ஒம்போது கடியாரம் மாட்டியிருக்குதுங்க. ஒரு நாளும் இவுரு நேரத்துக்கு ஊடு வந்ததில்ல" என்பார் அவர் மனைவி எஸ்தர் அக்கா. பத்தாவது வருடமும் லீவு போடாமலிருந்தால் தங்கக் காசு என்று முதலாளி மேடையிலேயே சொல்லியிருந்தார். அந்தக் காசில் பேத்திக்குக் கம்மல் என்று அண்ணன் முடிவு செய்துவிட்டார். அந்த வருடம் காய்ச்சல் வந்தபோதுகூடக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கம்பி வலைக்குள் வந்து உட்கார்ந்திருந்தார்.

ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அம்மாவின் கடைசி மாதங்களில் என் லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. இனி ஒரு நாள் போட்டாலும் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தார். மூன்றாம் நாளிலிருந்து தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார்.

பெட்டி ஒட்டுகிற டேப் வாங்க ஸ்டோர்ஸுக்குப் போனவள், வலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். அண்ணன் கடைசி வரைக்கும் கேட்டார்.

"வெசனப்படாதீங்க அம்மணி" என்றார். அப்புறம், "பழைய டேப்பு உருளை எங்கீங்க?" என்றார்.

வேலை போனால் போகட்டும் என்று மறுநாள் காலை அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு டிபன் கேரியரோடு அண்ணன் வந்து நின்றார்.

"நீங்க கெளம்புங்க. காந்திபுரம் போய்த்தானே பஸ்ஸு மாறோணும்."

"உங்க லீவு?"

"போட்டுப்போட்டனுங்க. பஸ்ஸு போயிருமுங்க அம்மணி."

பன்னிரண்டு நாள். அப்பா ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பில் மேஸ்திரியாக இருந்தவர். யாரையும் அண்டவிட மாட்டார். முதல் நாள் சாயங்காலம் என் காதில், "இவுரு நம்மள சர்ச்சுக்கு இழுக்கறதுக்குத்தான் வந்திருக்காரு" என்றார். மூன்றாம் நாள் நேரடியாகவே கேட்டுவிட்டாராம். "நீங்க வேறங்க, ஞாயித்துக்கெழம அங்க எனக்கே ஒக்கார எடமில்லீங்க" என்று அண்ணன் பதில் சொல்லியிருக்கிறார். அன்றைக்குத்தான் அப்பா சிரித்தார் என்று நர்ஸ் சொன்னாள். அம்மா போனதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த நர்ஸுக்கு வேறு கஷ்டம். ஒவ்வொரு மாத்திரையையும் அண்ணன் நோட்டில் எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினார். கட்டுப் பிரிக்க வந்தால், "பழைய பஞ்சை என்னங்க பண்ணுவீங்க?" என்று கவலையோடு கேட்டார். அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டார். பெட்பேன் எடுத்து வைத்தார். நடுநடுவே கம்பெனிக்குப் போன் போட்டு எத்தனை பேரிங் வெளியே போனது என்றும் விசாரித்தார்.

ஆண்டு விழாவில் வைண்டிங் பிரிவுப் பெண் ஒருத்திக்குக் கடிகாரம் கிடைத்தது. தங்கக் காசு யாருக்கும் இல்லை. அண்ணன் நன்றாகக் கைதட்டினார். நான் கைதட்டவில்லை. விழா முடிந்ததும் அவரிடம் போனேன்.

"அவுரு சொன்னா மறுக்க முடியாதுங்கறது தெரியுமுங்கண்ணா. ஆனா கம்மல் போயிருச்சே."

அண்ணன் கொஞ்சம் கூச்சப்பட்டார். தட்டிலிருந்த மிக்சரைக் கிளறினார்.

"அன்னைக்கு அவுரு ஒண்ணும் சொல்லலீங்க அம்மணி. எப்புடியும் சொல்லுவாருன்னு தெரியும். அதுவரைக்கும் எதுக்குக் காத்துட்டு ஒக்காரோணும்னு நானே பஸ்ஸு ஏறிப்போட்டனுங்க."

பக்கத்தில் நின்ற எஸ்தர் அக்கா அவரையே பார்த்தார். அப்புறம் தன் தட்டிலிருந்த ஜாங்கிரியை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

போன வருடம் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். அப்பா இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பதினொரு மணிக்கு அண்ணன் அப்பாவுக்குப் போன் செய்வார். "சாப்டாச்சுங்களா?", "ஆச்சுங்க", "காலு எப்புடீங்க?", "இருக்குதுங்க". பேச்சு அவ்வளவுதான். அந்த நாலு வார்த்தைக்காக அப்பா பத்தரைக்கே சட்டை மாற்றிக்கொண்டு, போனை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார். அடுப்பைத் தணித்துவிட்டு நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.