மேடம் குடுத்த டிராகன் நாவலுக்கு நான் போட்ட கிரேடு

திங்கக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. மேடம் குடுத்த புக்க மேடம்கிட்டயே திருப்பிக் குடுக்கணும். அவ்ளோதான்.

இத ஒரு அஞ்சாங்கிளாஸ் புள்ள செஞ்சிடும். நான் செஞ்ச லட்சணத்த இப்ப சொல்றேன்.

புதுசா இந்தப் பக்கத்துக்கு வந்தவங்களுக்கு: நான் ஜான்சி. வீடு சத்துவாச்சாரி. ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில லெதர் கிரேடிங்ல இருக்கேன். கம்பெனி வேன்ல போக வர நாவல் படிப்பேன். மாயாஜாலம், விண்வெளி, இது ரெண்டும்தான். படிச்சிட்டு இங்க வந்து கிழிகிழின்னு கிழிப்பேன். நீங்களும் "அக்கா மாஸ்"னு கமெண்ட் போடுவீங்க. எனக்கு திமிர ஏத்திவிட்டதே நீங்கதான்.

கிரேடிங்னா இன்னான்னு கேட்டா, டேபிள் மேல தோல விரிப்பாங்க. வெளிச்சத்துல பாத்து கீறல், உண்ணிக்கடி, ஓட்டை எங்க இருந்தாலும் சில்வர் பேனாவால வட்டம் போடணும். கட்டிங்காரங்க அந்த வட்டத்த விட்டுட்டு வெட்டுவாங்க. ஓரத்துல ஏ, பி, சி. ஒண்ணுத்துக்கும் ஆவலன்னா ரிஜெக்ட். குத்தம் கண்டுபுடிக்கிறதுக்கே சம்பளம் வாங்குறவ நான். நாள் பூரா நின்னுக்கிட்டேதான் வேலை. வெயில் காலத்துல ஃபேனே அனல் கக்கும்.

அப்பதான் புது மாடல் ஷூ செஞ்சு பாக்குற சாம்பிள் ரூம்ல ஒரு இடம் காலியாச்சு. ஏசி ரூம்! உக்கார நாற்காலி! அந்த எடத்துக்கு ஆள் எடுக்கறது டிசைன் ஹெட் ரேவதி மேடம்.

டிரான்ஸ்ஃபர் கேக்க அவங்க ரூமுக்குப் போனேன். டேபிள் மேல செங்கல் சைஸ்ல ஒரு நாவல். அட்டையில டிராகன்.

"நீங்களும் ஃபேன்டசி படிப்பீங்களா மேடம்?"னு வாய விட்டேன்.

மேடம் மூஞ்சி மலர்ந்துச்சு. "அட, நீ படிப்பியா? இத எடுத்துட்டுப் போ. என் ஃபேவரிட். திங்கக்கிழமை கொண்டாந்து எப்படி இருக்குன்னு சொல்லு. டிரான்ஸ்ஃபர் பத்தியும் அன்னிக்கே பேசிடலாம்."

எனக்கு அப்பவே வேல கெடச்ச மாதிரி ஆயிடுச்சு!

வேன்ல ஆரம்பிச்சேன். கர்மம்.

முதல்ல ஒரு மேப். அதுல இருக்கற ஊர் பேரு ஒண்ணுகூட வாய்ல நுழையல. ஆடு மேய்க்கிற ஒரு பையன். "நீதான் உலகத்தக் காப்பாத்தப் போற"ன்னு ஒரு தாடிக்காரர் வந்து சொல்றாரு. ஊர்ல வேற ஆளே இல்லியான்னு ஒருத்தரும் கேக்கல. அப்புறம் நடக்குறாங்க. சூப் குடிக்கிறாங்க. மறுபடி நடக்குறாங்க. நடுநடுல தாடிக்காரர் உபதேசம் பண்றாரு.

இந்த மாதிரி நாவல சிபாரிசு பண்றவங்க ஒரு டயலாக் வச்சிருப்பாங்க. "முதல் மூணு பாகம் கொஞ்சம் ஸ்லோ, நாலாவதுல சூடு புடிக்கும்." ஆம்பூர்ல போய் ஒரு பிரியாணிக் கடை போட்டு, "மூணு தட்டு வேகாம இருக்கும், நாலாவது தட்டு வெந்திருக்கும்"னு சொல்லிப் பாருங்களேன்!

இதக்கூட பொறுத்துக்கிட்டேன். அந்தப் பையன் காலைல டிராகனக் கொல்றான். சாயங்காலம் அதே தோல்ல கவசம் போட்டுக்கிட்டு சண்டைக்குப் போறான்!

உப்பு போடல. சுண்ணாம்புல ஊறப் போடல. தோல் பதனிடுற டேனரி பக்கமே போவல. பச்சத் தோலு! அந்த நாத்தத்துக்கே எதிரிப் படை ஊரக் காலி பண்ணிருக்கும். எதுக்கு மந்திர வாள்?

கோவத்துல என் கை பாட்டுக்கு வேலை செஞ்சிடுச்சு. ஐடி கார்டு கயித்துல எப்பவும் தொங்குற சில்வர் பேனாவ எடுத்தேன். கவசத்துக்கு ஒரு வட்டம். பக்கத்துல "பச்சத் தோலு, ரிஜெக்ட்". தாடிக்காரர் உபதேசத்துக்கு வட்டம், "லூஸ்". காதல் சீனுக்கு வட்டம், "உண்ணிக்கடி". முதல் பக்கத்துக்கே திரும்பிப் போய் அங்க இருந்தும் போட்டுக்கிட்டு வந்தேன்.

அடுத்தவங்க புக்குன்னு தெரியாதான்னு கேப்பீங்க. தெரியும்! ஆனா தோல் மேல போட்ட வட்டம் கிரேப் ரப்பர்ல ரெண்டு தேய் தேய்ச்சா போயிடும். தினம் பாக்குறேன். இதையும் திங்கக்கிழமை சீக்கிரம் போய் தேய்ச்சிட்டா போச்சுன்னு ஒரு நம்பிக்கை. தோல் வேற, பேப்பர் வேறன்னு இந்த மண்டைக்கு உறைக்கல.

திங்கக்கிழமை சீக்கிரமே போய் தேய்ச்சேன். வட்டம் அப்படியே இருந்துச்சு. பக்கம்தான் கிழிஞ்சுது.

என் தோஸ்த் நஸ்ரின் வந்தா. ஃபினிஷிங் செக்‌ஷன்ல இருக்கா. "இன்னாடி காலைலயே பேஜாரு?"

சொன்னேன்.

"இவ்ளோதான? கோந்து துடைக்கிற சொல்யூஷன் போடு. ஷூ மேல இருக்கற கோந்தே போவுது, இது போவாதா?"

அவளே துணியில தொட்டுத் துடைச்சா. வட்டம் போவல. வட்டத்துக்குள்ள இருந்த எழுத்துதான் போச்சு! தாடிக்காரரோட மொத்த உபதேசமும் காலி.

"அடிப்பாவி, எழுத்து போச்சேடி!"

"நல்லதுதான? லூஸுன்னு நீயே எழுதி வச்சிருக்க."

அப்புறம் ஈரம் காயணும்னு ஹாட் ஏர் கன் எடுத்துட்டு வந்தா. நான் வேணாம் வேணாம்ங்கறதுக்குள்ள பக்கமெல்லாம் அப்பளம் மாதிரி பொரிஞ்சிடுச்சு.

"அட்டைக்கு வேணா கொஞ்சம் பாலிஷ் போட்டுத் தரட்டுமா?"ங்கிறா.

அதுக்குள்ள மேடம் கூப்பிட்டு அனுப்பிட்டாங்க.

போனேன். புக்க நீட்டினேன். ரூம் பூரா சொல்யூஷன் நெடி.

"எப்படி இருந்துச்சு ஜான்சி?"

இத்தன வருஷமா எவ்ளோ நாவல கிழிச்சிருப்பேன்! அன்னிக்கு ஒரு ஏசிக்காக இந்த வாய் சொன்னது இன்னா தெரியுமா? "ஒரு குறை சொல்ல முடியாது மேடம். கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

தண்ணி வந்தது உண்மை. சொல்யூஷன் எரிச்சல்.

மேடம் அட்டையத் திறந்தாங்க. முதல் பக்கத்துல கையெழுத்துல ஒரு வரி. "என் வீரமங்கைக்கு, உன் கண்களே என் வானத்து நட்சத்திரங்கள்." அதச் சுத்தி என் சில்வர் வட்டம். பக்கத்துல, "பழைய சரக்கு. சி கிரேடு."

"இது எங்க வீட்டுக்காரர் எழுதுனது. கல்யாணத்துக்கு முன்னாடி."

எழுத்தாளர் கைப்பட எழுதின சமர்ப்பணத்த அப்படியே அச்சடிச்சிருக்காங்கன்னு நெனச்சேன், சத்தியமா! ஏசிக்கு நேர் கீழ நின்னும் வேர்த்து ஊத்துச்சு எனக்கு. அசிங்கமா இருந்துச்சு.

மேடம் ஒவ்வொரு பக்கமா மொறுமொறுன்னு திருப்பினாங்க. கவசம் வர்ற பக்கத்துல நின்னாங்க. "பச்சத் தோலு, ரிஜெக்ட்"னு படிச்சாங்க. அப்புறம் சிரிச்சாங்க பாருங்க, வெளிய இருந்தவங்க எட்டிப் பாக்குற அளவுக்கு!

"நானும் லெதர்தான் படிச்சேன். இத எத்தன தடவ படிச்சிருப்பேன். எனக்கு இது தோணவே இல்ல பாரேன். அவரோட வரிக்கும் சரியாத்தான் கிரேடு போட்டிருக்க. இன்னிக்கு வீட்டுக்குப் போய் காட்டுறேன்."

எனக்கு உசிரு வந்துச்சு. ஏசி கன்ஃபார்ம்னு நெனச்சேன்.

"இப்பேர்ப்பட்ட கண்ண சாம்பிள் ரூம்ல வச்சு வீணடிக்கக் கூடாது. மேனேஜர்கிட்ட நானே சொல்லிடறேன், இந்தப் பொண்ண கிரேடிங்லேந்து எங்கயும் மாத்தாதீங்கன்னு."

கையில ரெண்டாம் பாகத்த வேற குடுத்தாங்க. "பென்சில்ல போடு"ன்னாங்க.

சாம்பிள் ரூம் இடம் நஸ்ரினுக்குப் போச்சு. அவளும் கேட்டு வச்சிருந்தாளாம், எங்கிட்ட சொல்லல. "நாவல் படிப்பியா?"ன்னு மேடம் கேட்டதுக்கு, "அதெல்லாம் தெரியாது மேடம்"னு சொன்னாளாம். உடனே எடுத்துட்டாங்க.

நேத்து கேன்டீன்ல அவகிட்ட ஏசி எப்படி இருக்குன்னு கேட்டேன். "குளிரு கொஞ்சம் ஜாஸ்திடி"ங்கிறா.