அதியூ, செல்வம்!

ஒரு சொல்லின் அர்த்தம் தெரிந்துவிட்டால் அதை எங்கே சொல்லலாம் என்பதும் தெரிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இரண்டே வகை. பேசப் பழகும் குழந்தைகள் ஒரு வகை. நான் இன்னொரு வகை. குழந்தைகளாவது திருந்திவிடுகின்றன.

மதுரையில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறேன். படிப்பு எட்டாவது. ஆனால் வண்டியில் ஏறுகிறவர்கள் பேசுவதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்துக்கொள்வேன். (ஓசியில் கிடைப்பதை விடலாமா?) அப்படிச் சேர்த்ததில் ஒன்று என்னைக் கிறங்கடித்தது. விடைபெறும்போது பிரெஞ்சுக்காரர் 'அதியூ' என்றார். ஸ்பெயின்காரர் 'அதியோஸ்' என்றார். இத்தாலிக்காரர் 'அத்தியோ' என்றார். ஒரே சொல், ஊருக்கு ஊர் சட்டை மாற்றிக்கொண்டு திரிகிறது! கீழக்குயில்குடிக்கு நான் கூட்டிப்போன ஒரு பிரெஞ்சு டீச்சரம்மாவிடம் அர்த்தம் கேட்டேன். கடவுளிடம் ஒப்படைக்கிறேன் என்று பொருளாம். புல்லரித்துவிட்டது. "ஆனால்..." என்று அந்தம்மா மேலும் ஏதோ சொல்ல வந்தார். நான் அதற்குள் இளநீர் வாங்கப் போய்விட்டேன்.

அக்கா மகன் செல்வத்துக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலை கிடைத்தது. திங்கள்கிழமை விமானம். ஞாயிறு காலை திருமங்கலத்திலிருந்து பெண் வீட்டார் வண்டியூரில் அக்கா வீட்டுக்கு வந்து நிச்சயம் செய்வதாகப் பேச்சு. ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப் போயிருந்தது.

"இதுவும் தட்டுச்சுன்னா அவன் அங்கேயே ஒருத்தியப் பாத்துருவான்டா. நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றாள் அக்கா.

வாயைத்தானே சொன்னாள்? நான் பிளக்ஸ் கடைக்குப் போனேன். தாய்மாமன் செலவில், தெருமுனையில், பத்தடிக்கு ஒரு வழியனுப்பு பிளக்ஸ். வாசகம் என் சொந்தக் கற்பனை: 'அதியூ, செல்வம்! உன்னை இறைவனிடம் ஒப்படைக்கிறோம். கண்ணீருடன், உன் தாய்மாமன்.'

கடைக்காரர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எம்புட்டு வயசுண்ணே?"

"இருவத்தெட்டு."

"அடப் பாவமே! பொறா போடவாண்ணே?"

"போடு. பறக்குற மாதிரி போடு."

"வெளக்கு?"

"மங்களமா இருக்கும், போடு."

"மனசத் தேத்திக்கங்கண்ணே. எல்லாரும் ஒருநா போறதுதான."

"எங்க, நமக்கெல்லாம் விசா கெடைக்குமா?" என்றேன். சோகத்தில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பார். முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஞாயிறு காலை. வீட்டில் கேசரி கிளறிக்கொண்டிருந்தோம். இரவோடு இரவாக நான் பிளக்ஸ் கட்டியிருந்த தெருமுனையில் ஒரு வேன் நின்றது. அடுத்த நொடி, "அய்யோ, என் மருமகனே!" என்று ஒரு குரல்! எட்டிப் பார்த்தேன். பெண்ணின் அம்மா தலைவிரி கோலமாக ஓடி வருகிறார். பின்னால் ஐந்தாறு பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு. பெண்ணின் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையில் பெரிய ரோஜா மாலையோடு தள்ளாடி வருகிறார்.

எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு. அழுதுகொண்டு வருபவரிடம் காரணம் கேட்கக் கூடாது. முதலில் சேர்ந்து அழ வேண்டும், விசாரிப்பதெல்லாம் பிறகு. அவர்கள் வீட்டில்தான் வேறு மருமகன் யாரோ போய்விட்டார் என்று நினைத்து அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். சம்பந்தியம்மாவைக் கட்டிப்பிடித்து, "இப்புடியா ஆகணும் மதினி!" என்று கதறினாள். இவர்களுக்காக அவர்களும் அவர்களுக்காக இவர்களும் கால் மணி நேரம் அழுதார்கள். நானும் அழுதேன். (யாருக்கு என்று இன்றுவரை தெரியாது.)

அப்போது குளித்துவிட்டு, தலை துவட்டியபடி செல்வம் வெளியே வந்தான்.

"என்னம்மா, யாரு செத்தது?"

பெண்ணின் அப்பா மாலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வந்தவர்களில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். நர்ஸ் ஆயிற்றே, செல்வம் ஓடிப்போய் நாடி பிடித்தான். கண் விழித்தவள் அவன் முகத்தைப் பார்த்து மறுபடி மயங்கினாள்.

விஷயம் விளங்கியதும் மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்தது. "இல்ல, பிரெஞ்சுல..." என்று ஆரம்பித்தேன்.

"பிரெஞ்சாடா? அந்தக் கரண்டிய எடுங்கடி!" என்றாள் அக்கா.

பெண்ணின் அப்பா எழுந்தார். முடிந்தது, நாலாவது இடமும் தட்டியது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நிறுத்துங்கம்மா. காக்கா தலையில தட்டுனா, ஆளு செத்துட்டதாச் சொந்தத்துக்குப் பொய்ச்சேதி சொல்லி அழ வைக்கிறதில்லையா? அழுதுட்டா கண்டம் கழிஞ்சுரும்பாக. நாங்க வேன்காரன் உள்பட அழுதுட்டோம். இனி அந்த எமனே ஜெர்மனிக்குப் போனாலும் மாப்ளய ஒண்ணும் செய்ய முடியாது. தட்ட மாத்துங்க!" என்னைத் திரும்பிப் பார்த்தார். "இந்தாள மட்டும் வாசல்ல நிறுத்துங்க."

தட்டு மாற்றியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

பிரெஞ்சுக்காரர்கள் இனிப் பார்க்கவே போவதில்லை என்றால்தான் அதியூ சொல்வார்களாம். ஸ்பெயின்காரர்கள் தெருமுனைக் கடையில் விடைபெறும்போதும் அதியோஸ் சொல்வார்களாம். டீச்சரம்மாவின் அந்த 'ஆனால்', இளநீர் குடித்து ஒரு வருஷம் கழித்து எனக்கு விளங்கியது.

கல்யாணம் நன்றாக நடந்தது. பத்திரிகையின் புரூஃபை எனக்கு மட்டும் காட்டவில்லை. செல்வம் இப்போதும் ஜெர்மனியிலிருந்து ஞாயிறுதோறும் மாமனாருக்குப் போன் செய்கிறான். ஹலோ கிடையாது, வணக்கம் கிடையாது.

"இருக்கேன் மாமா."

"இருங்க மாப்ள."

அதற்குப் பிறகுதான் மற்ற பேச்சு.