மூன்று மோட்டாரும் அரை டின் பவுடரும்

நண்பனை நாமே பிடித்துக்கொள்கிறோம். மனைவியை ஜாதகமோ காதலோ கொண்டுவந்து சேர்க்கிறது. சகலையை மட்டும் யாரும் கேட்டு வாங்குவதில்லை. நம் மனைவியின் அக்காவைக் கட்டியவர் என்ற ஒரே காரணத்துக்காக, எல்லா விருந்திலும் நம் பக்கத்து நாற்காலியில் உட்கார வைக்கப்படுகிற மனிதர் அவர். என் சகலை சிவபாலன் அண்ணைக்குப் பக்கத்தில் நான் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அதில் அவர் என்னிடம் பேசிய மொத்தத்தையும் ஒரு சினிமா டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். (நான் அவரிடம் பேசியதை எழுத ஆக்லாந்தில் காகிதம் போதாது.)

அவர் யாழ்ப்பாணம். நான் திருநெல்வேலிப் பக்கம். ஒரு வீடு கட்ட எவ்வளவு மரம், எவ்வளவு ஆணி என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவர் உத்தியோகம். தேநீருக்குச் சீனி போடும்போதும் கரண்டியைத் தட்டி மட்டப்படுத்திவிட்டுத்தான் போடுவார். நான் நகரத்தின் தென்கோடியில், மனுரேவாவில் ஒரு கிடங்கில் ஷிப்ட் பார்க்கிறவன். எனக்கு வாய்தான் சொத்து.

போன வருஷம் அண்ணைக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. உடம்பு தேறிவிட்டது, மனிதர்தான் தேறவில்லை. வேலையை விட்டார். குறைவாகப் பேசிக்கொண்டிருந்தவர், அந்தக் குறைவையும் நிறுத்தினார். நகரத்தின் மேற்கு மூலையில், வெஸ்ட்கேட்டில் இருக்கிற தன் வீட்டின் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே எழும்பிக்கொண்டிருந்த புது வீடுகளைப் பார்த்தபடியே பொழுதைக் கழித்தார். நான் போய் என் கையிருப்பில் இருந்த எல்லா ஜோக்கையும் சொல்லிப் பார்த்தேன். "ம்" என்றார். அதுவும் தொண்டையைச் செருமியதாக இருக்கலாம்.

பிறகு ஒரு நாள் அவர் மனைவி ராஜி அக்கா போன் செய்தார். பக்கத்தில் யாரோ தூங்குவது போல ரகசியக் குரல்.

"தம்பி, இவர் ஒரு ரொக்கெட் வாங்கியிருக்கிறார்."

"தீபாவளிக்கு இன்னும் நாளிருக்கே அக்கா?"

"அதில்லை. ஒட்டிச் செய்யிற பெரிய சாமான். காலமை கராஜுக்குள்ள போனவர், சாப்பாட்டுக்கும் வரேல்லை. விசிலடிக்கிற சத்தம் கேக்குது தம்பி!" அக்காவின் குரல் கொஞ்சம் உடைந்தது. "பாரம் தூக்கக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். சனிக்கிழமையில வந்து ஒத்தாசையா நில்லுங்கோ. ஆனா ஒண்டு. பகிடி விட்டுக் குழப்பிப்போடாதீங்கோ. இதுவும் சரிவராமல் போச்செண்டால் மனுசன் திரும்ப அந்த யன்னலுக்குத்தான் போவார்."

போனை வைத்ததும் என் மனைவி சுதா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "போயும் போயும் உங்களையோ கூப்பிட்டவ?" என்றாள். அக்கா தங்கை இருவருக்கும் என் திறமையைப் பற்றி ஒரே கருத்துதான்.

கராஜில் போய்ப் பார்த்தேன். நீண்ட அட்டைக் குழாய், மெல்லிய மரத்தில் இறக்கைகள், கூரான பிளாஸ்டிக் மூக்கு. நிமிர்த்தினால் என் நெஞ்சுயரம் வரும். வால் பக்கம் ஒன்றுக்கு மூன்று மோட்டார், அதாவது மருந்து அடைத்த குழாய், வைக்க இடம். அண்ணை அதைக் காட்டி, பதினாறு வருஷத்தில் அவர் எனக்கு ஆற்றிய ஆகப் பெரிய உரையை ஆற்றினார்.

"மூண்டும் ஒரே நேரத்தில பத்தோணும். ஒண்டு பத்தாட்டிலும் சரிஞ்சு போகும். அதுதான் இதில இருக்கிற கஷ்டம்."

"நம்ம குடும்பம் கல்யாணத்துக்குக் கிளம்புற மாதிரின்னு சொல்லுங்கண்ணே."

அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். "ஓம்," என்றார்.

அப்புறம் எல்லாச் சனிக்கிழமையும் நகரத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பசை காயும்வரை இறக்கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பது என் வேலை. ஒரு தடவை இறக்கையோடு என் கட்டைவிரலையும் சேர்த்து ஒட்டிவிட்டேன். அண்ணை உள்ளே போய் அக்கா நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை எடுத்துவந்து, பெயின்ட் உரியாமல், என்னை ராக்கெட்டிலிருந்து பிரித்தெடுத்தார். (பெயின்ட் உரிந்துவிடக் கூடாதே என்பதுதான் அவர் கவலையாக இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.)

கடைசியில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. பாராசூட் மடிக்கும் இலாகா. ராக்கெட் உச்சிக்குப் போனதும் உள்ளே ஒரு சின்ன வெடி வெடித்து, மூக்கையும் பாராசூட்டையும் வெளியே தள்ளும். பாராசூட் விரிந்தால் ராக்கெட் பூப்போல இறங்கும். விரியாவிட்டால் ஈட்டிபோல இறங்கும்.

"கொஞ்சம் பவுடர் தடவி மடியும். ஒட்டாமல் விரியும்," என்றார் அண்ணை.

கொஞ்சம் பவுடர்! இதில்தான் வம்பே. எங்கள் பக்கத்தில் 'கொஞ்சம் பவுடர்' என்றால் முகமும் கழுத்தும் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆக வேண்டும். அதற்குக் குறைந்தால் பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று பேசுவார்கள். ராக்கெட் விடுகிற அன்று காலையில் அந்தப் பாராசூட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விரியாவிட்டால் யன்னல். அக்காவின் குரல் காதில் கேட்கக் கேட்க, கை தானாக டின்னைக் குலுக்கியது. சந்தன மணம் வீசும் டால்கம் பவுடர், அரை டின். குளிப்பாட்டிய குழந்தைக்குப் போடுவதுபோல மடிப்புக்கு மடிப்பு தூவி, ஆசை ஆசையாகத் திணித்தேன்.

நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணையின் புல்வெளிதான் ராக்கெட் சங்கத்தாரின் மைதானம். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள். இந்தப் பக்கம் கம்பூட்ஸ் என்கிற முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட முப்பது பேர், ரொட்டியில் சுருட்டிய சாசேஜோடு. மஞ்சள் சட்டை போட்ட ஜூடி என்ற அம்மாள்தான் பொறுப்பாளர். எல்லாரையும் கூட்டி ஒரே ஒரு விதி சொன்னார். ராக்கெட் தவறான பக்கம் வந்தால் யாரும் ஓடக் கூடாது. நின்ற இடத்தில் நின்று, அண்ணாந்து பார்த்து, கையால் அதைச் சுட்டிக் காட்ட வேண்டும். எங்கே வருகிறது என்று தெரிந்தால்தான் ஒதுங்க முடியும். கூட்டத்திலேயே அதிக வேகமாகத் தலையாட்டியவன் நான்.

ஏவுமேடையில் மூன்று மோட்டாரின் பற்றவைக்கும் கம்பிகளிலும் கரண்ட் கிளிப்பை மாட்ட வேண்டும். அண்ணை குனிந்து இரண்டை மாட்டினார். முகம் சுளித்தது, அதற்குமேல் குனிய முடியவில்லை.

"மற்றதை நீர் மாட்டும் தம்பி."

மாட்டினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு மாட்டினேன். (வெடிமருந்துக்குப் பக்கத்தில் முகத்தை வைக்கிறவன் வேறு என்ன செய்வான்?)

பின்னால் வந்தோம். ஜூடி எண்ணினார். அண்ணையின் விரல் பொத்தானை அழுத்தியது. உஸ்ஸென்று ஒரு சீற்றம். மூன்று நெருப்புக்குப் பதிலாக இரண்டுதான் தெரிந்தது. ராக்கெட் நிமிர்ந்து எழும்பி, பிறகு பக்கத்து வீட்டில் என்ன சமையல் என்று எட்டிப் பார்ப்பவரைப்போல மெல்லச் சாய்ந்தது. சாய்ந்தது வளைந்தது. வளைந்து, எங்களை நோக்கித் திரும்பியது.

"ஹெட்ஸ் அப்!" என்று ஜூடி கத்தினார். முப்பது கைகள் அமைதியாக வானத்தைச் சுட்டிக் காட்டின.

நான் ஓடினேன். காரைப் பார்த்து ஓடினேன். பாதி வழியில்தான் அண்ணையின் ஞாபகம் வந்தது. நெஞ்சைத் தைத்திருக்கிற மனிதரை விட்டுவிட்டா ஓடுகிறாய் என்று என்னையே வைதுகொண்டு திரும்பி ஓடிவந்தேன். "அண்ணே, குனிங்க!" என்று அலறியபடி அவருக்குக் கவசமாகப் பாய்ந்தேன். அந்த நேரம் பார்த்து, ராக்கெட் நன்றாகத் தெரியவேண்டும் என்று அண்ணை ஓரடி தள்ளி நின்றார். நான் போய் விழுந்த இடத்தில் முந்தின வாரம் ஆடுகள் மேய்ந்திருந்தன.

தலைக்கு மேலே 'டப்' என்றது. புரண்டு பார்த்தேன். ராக்கெட்டைக் காணவில்லை. வானத்தில் ஒரு வெள்ளை மேகம் மட்டும் நின்றது. சரி, தூள்தூளாகிவிட்டது; மூன்று மாதச் சனிக்கிழமையும் மாவாகிவிட்டது. அண்ணையைப் பார்த்தேன். இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்திருந்தார். முகம் கோணியிருந்தது. தோள் குலுங்கியது. கண்ணில் நீர்.

"ஹார்ட் அட்டாக்! ஆம்புலன்ஸ்! ஆம்புலன்ஸ்!"

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பதினாறு வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லையாதலால், அது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூடி முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்தார். என்னிடம்தான். முகமெல்லாம் சேறு, அதன்மேல் வானத்திலிருந்து உதிர்ந்த பவுடர்; கூட்டத்தில் சாகப்போகிறவன் போலிருந்தவன் நான் ஒருவன்தான். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டார். நான் அண்ணையைக் காட்டினேன். பேச முடியாத அண்ணை என்னைக் காட்டினார். அப்போதுதான் மேகத்தைப் பிளந்துகொண்டு பாராசூட் வெளியே வந்தது. முழுசாக விரிந்து, ராக்கெட்டைத் தொங்கவிட்டபடி, சந்தன வாசம் கமகமக்க, சாவகாசமாக இறங்கியது.

அதைப் பார்த்ததும் அண்ணை தாங்க மாட்டாமல் புல்லில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, நோகுது... நோகுது," என்றார், சிரிப்புக்கு நடுவில். இருமினாலோ சிரித்தாலோ நெஞ்செலும்பு வலிக்காதிருக்க ஒரு தலையணையை இறுக அணைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்களாம். இருமலுக்கு வீட்டில் தலையணை இருந்தது. சிரிப்பு வரும் என்று யாரும் எதிர்பார்க்காததால் மைதானத்துக்கு எடுத்துவரவில்லை. அண்ணை கையை நீட்டி, சேறும் பவுடரும் ஆட்டுப் புழுக்கையுமாகக் கிடந்த என்னை இழுத்து, நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு சிரித்தார்.

"அண்ணே, சட்டையெல்லாம்..."

"அசையாமல் இரும்!"

அசையாமல் இருந்தேன். என் காதுக்கடியில் அவர் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. வேகமாக, நன்றாக, ஒரு குறையும் இல்லாமல்.

ஜூடி மேகம் கலைவதைப் பார்த்துவிட்டு, பெரிய ராக்கெட்காரர்கள் வானத்தில் தெரிவதற்காக இப்படித்தான் பொடி வைப்பார்கள், அருமையான யோசனை என்று பாராட்டினார். நான் அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டேன். அந்தப் பெருமை மூன்று நிமிஷம்கூட நிலைக்கவில்லை. அண்ணை ஏவுமேடைக்குப் போய்த் திரும்பிவந்தார். நான் மாட்டிய கிளிப் கம்பியைக் கவ்வவில்லை; கம்பிமேல் ஒட்டியிருந்த காகித நாடாவைக் கவ்வியிருந்தது.

"கடதாசிக்குள்ளால கரண்ட் போகாது தம்பி. கண்ணை மூடிக்கொண்டோ மாட்டினீர்?"

"ஆமாண்ணே."

மறுபடி என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது ராக்கெட்டுக்கு என்ன ஆயிற்று என்று ராஜி அக்கா கேட்கவேயில்லை. "சிரிச்சவரோ? உண்மையாச் சிரிச்சவரோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு அடுப்பங்கரைக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

அன்றிலிருந்து எனக்குப் பெயர் தலையணை. எப்சம் மண்டபத்தில் பிறந்தநாள் விருந்தில் அண்ணையின் தோள் லேசாகக் குலுங்க ஆரம்பித்தால் போதும், "தலகாணியைக் கூப்பிடுங்கோ!" என்று சுதா நாலு மேஜைக்குக் கேட்கிற மாதிரிக் கத்துவாள். நான் சோற்றுக் கையோடு ஓடிப்போய் நிற்பேன்.

போன மாதம் அண்ணையைப் பரிசோதனைக்கு நான்தான் அழைத்துப் போனேன். எலும்பெல்லாம் நன்றாகக் கூடிவிட்டது, எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம், எந்தத் தலையணையும் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். லிப்டில் இறங்கும்போது அண்ணை கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இதை வீட்டில கதைக்காதையும்."

"சரிண்ணே," என்றேன்.