யாருமில்லாதவளும் அவளுடைய ஆறு அக்காமாரும்

ஒரு காட்டில் செவந்தி என்றொரு தவிட்டுக்குருவி இருந்தாள். எந்தக் காடு என்று கேட்க வேண்டாம். மரம் இருந்தது, டவர் கிடைத்தது. போதும்.

தவிட்டுக்குருவி தனியாக இருக்காது. கூட்டமாகத்தான் மேயும், கூட்டமாகத்தான் கத்தும். ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போனால் எல்லோருக்கும் தாகம் எடுக்கும். செவந்திக்கு மேலே ஆறு அக்காமார். பிறந்ததிலிருந்து அவள் தனியாக ஒரு புழுவைக்கூடத் தின்றதில்லை.

அவள்தான் தனிமையைப் பற்றிப் பாட்டு எழுதினாள்.

வரி அவளே. மெட்டு அவளே. பாடுவதும் அவளே. இதற்கு இண்டி என்று பெயர். யாரும் வாய்ப்புக் கொடுக்கவில்லை என்பதை அப்படியும் சொல்லலாம். பாட்டு இது:

எனக்கென்று ஒரு கிளை,
கிளையில் நான் மட்டும்;
பேர்சொல்லிக் கூப்பிட
யாருமில்லை, யாருமில்லை.

நல்ல பாட்டுதான். குறை சொல்ல முடியாது.

ஓடைக்கரையில் முள்ளம்பன்றி ஒச்சப்பன் டீக்கடை வைத்திருந்தான். ஞாயிறு சாயங்காலம் கடை வாசலில் ஒரு மைக் நிற்கும். யார் வேண்டுமானாலும் பாடலாம். டீ வாங்கினால் கேட்கலாம். செவந்திக்கு ஒரே ஆசை. அந்த மைக்கில் தன் பாட்டைப் பாட வேண்டும். கூட்டம் வாயை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்க வேண்டும்.

ஒரு ஞாயிறு பாடினாள். "யாருமில்லை" என்று இழுத்தபோது முன்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"நாங்க இருக்கோம்ல, தங்கம்!"

பெரியக்கா. பக்கத்தில் மற்ற ஐந்து பேரும் கொய்யாப்பழத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"மைக்கைக் கிட்ட வச்சுப் பாடுடி. பின்னாடி கேக்கலையாம்."

"காலையில சரியாச் சாப்பிடல. அதான் குரல் எழும்பல."

கடையே சிரித்தது. குரங்கு ஒன்று அதைப் படம் பிடித்துப் போட்டது. காடு முழுக்கப் பார்த்தார்கள். பாட்டை அல்ல, கொய்யாப்பழத்தை.

"உனக்கு வாழ்க்கையில அடி பத்தாது," என்றான் ஒச்சப்பன். "சோகப் பாட்டுக்காரி வீட்டுல எல்லாரும் சௌக்கியமா இருந்தா எப்படிம்மா?"

"இருக்காங்களே அண்ணே. என்ன பண்ண?"

"அதுக்கு நான் என்ன பண்ண? டீ சொல்லு."

அடுத்த ஞாயிறு செவந்தி ஒரு பொய் சொன்னாள். இனிமேல் கச்சேரி மலைக்கு அந்தப் பக்கம் என்றாள். அக்காமார் கொய்யாவை எடுத்துக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் பறந்தார்கள்.

ஒன்றை அவள் யோசிக்கவில்லை. வல்லூறு வந்தால் முதலில் பார்த்துக் கத்துவது தவிட்டுக்குருவிக் கூட்டம்தான். 'சும்மா கத்துதுங்க' என்று காடே திட்டும். கத்தினால் காடே ஓடும்.

அன்று கத்த ஆளில்லை. வல்லூறு வந்து கடையோர வேப்பமரத்தில் உட்கார்ந்தார். வல்லூறை யாரும் அது இது என்று சொல்வதில்லை.

செவந்தி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். இண்டி என்றால் கண்ணை மூட வேண்டும். கடை உறைந்து போயிருந்தது. வாயில் ஊற்றிய டீயை யாரும் விழுங்கவில்லை. நடுவில் ஒரு எலி தும்மியது. அப்புறம் அந்த எலியின் இடம் காலியாக இருந்தது.

பாடி முடித்துக் கண்ணைத் திறந்தாள். ஒரு சத்தம் இல்லை. இதுதான் வெற்றி போலிருக்கிறது என்று நினைத்தாள். அதற்குப் பிறகுதான் வேப்பமரத்தைப் பார்த்தாள். வல்லூறு இறக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் யாருமில்லை," என்றார். "நான் வந்தாலே எல்லாரும் ஓடிடுறாங்க. ஏன்னே தெரியல."

வாயோரத்தில் எலிவால் தொங்கியது. யாரும் சொல்லவில்லை.

"அடுத்த வாரமும் பாடு. இங்க இருக்கிற எல்லாரும் வரணும். மூஞ்சி ஞாபகம் இருக்கு."

வந்தார்கள். அதற்கடுத்த வாரமும் வந்தார்கள். செவந்தி பாடினால் இலை விழும் சத்தம் கேட்கும் என்று காட்டில் பேச்சு. மான் ஒன்று விமர்சனம் எழுதியது: 'உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்க வைக்கும் குரல்.' போஸ்டர் ஒட்டினார்கள். செவந்தி வேப்பமரத்துப் பக்கம் பார்க்காமல் பாடப் பழகிக்கொண்டாள். இப்படியே போனால் போதும் என்று இருந்தாள்.

போஸ்டர் அக்காமார் கண்ணில் பட்டது.

"மலைக்கு அந்தப் பக்கம்னு சொன்னியேடி, களவாணி!" பாட்டுப் பாதியில் இருக்கும்போது பெரியக்கா முன்வரிசையில் வந்து இறங்கினாள். "வாராவாரம் அங்க போயி உக்காந்துருக்கோம். ஒரு ஈ காக்கா இல்ல. நாங்களே கைதட்டிட்டு வாரோம்."

வேப்பமரத்தில் கழுத்து திரும்பியது. அக்காமார் பார்க்கவில்லை. தங்கச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செவந்தி பாட்டை நிறுத்தாமல் தலையை ஆட்டினாள். இறக்கையைப் படபடவென்று அடித்தாள். போங்கள் என்று அர்த்தம்.

"மேடைக்குக் கூப்பிடுறாடி," என்றாள் நடுவக்கா. "வெக்கப்படாம வாங்க."

ஆறு பேரும் ஏறினார்கள். ஏழு தவிட்டுக்குருவிகள் ஒரே மைக்கில் "யாருமில்லை, யாருமில்லை" என்று கத்தின.

வல்லூறு இறங்கி வந்தார். கத்த வேண்டிய நேரத்தில் அக்காமாருக்கு வாய் அடைத்துவிட்டது. பெரியக்கா அவர் நகத்துக்குக் கீழே கிடந்தாள்.

"இவங்க யாரு?"

"அக்காங்க, ஐயா."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

வல்லூறு ஆறு தலையையும் எண்ணிப் பார்த்தார். மனசு விட்டுப்போனது முகத்தில் தெரிந்தது.

"யாருமில்லைன்னு சொன்னே. நான் அழுதேன்."

"அது பாட்டு, ஐயா."

"பாட்டுன்னா பொய் சொல்லலாமா? அது உன் பாட்டே இல்ல. என் பாட்டு. குடுத்துடு. வரி, மெட்டு, எல்லாம். நீ எழுதினேன்னு எங்கயும் மூச்சு விடக்கூடாது." பெரியக்காவைக் குனிந்து பார்த்தார். மற்ற ஐந்து பேரையும் பார்த்தார். "குடுக்க மனசு இல்லைன்னா இன்னொரு வழி இருக்கு. யாருமில்லாம நானே பண்ணித் தரேன். அப்புறம் பாட்டு உன்னுதுதான். பொருத்தமாவும் இருக்கும்."

செவந்தி யோசித்தாள்.

"என்னடி யோசிக்கிற?" என்று நகத்துக்குக் கீழிருந்து பெரியக்கா கேட்டாள்.

"இரு, அக்கா."

கூட்டத்தைப் பார்த்தாள். போஸ்டரைப் பார்த்தாள். மைக்கை ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். பிறகு பாட்டைக் கொடுத்துவிட்டாள்.

இப்போது வல்லூறு பாடுகிறார். குரல் துருப்பிடித்த கதவு மாதிரி இருக்கும். "யாருமில்லை" என்று அவர் இழுத்தால் அடைகாக்கிற பறவை முட்டையை விட்டு எழுந்துவிடும். ஆனால் கடையில் உட்கார இடம் கிடைப்பதில்லை. மானின் விமர்சனம்: 'ஆழத்திலிருந்து வரும் குரல்.' மானுக்கு நிறையக் குட்டிகள்.

செவந்தி புதிதாக ஒன்று எழுதினாள். அக்காமாரைப் பற்றி. ஒரு வார்த்தை பொய் கிடையாது. பழைய பாட்டைவிட நல்ல பாட்டு. வல்லூறு எழுந்து பறந்ததும் மைக்கைப் பிடித்துப் பாடினாள். முதல் வரி முடிவதற்குள் பாதிப் பேர் டீக்கு எழுந்து போனார்கள். மீதிப் பேர் போனை எடுத்தார்கள். ஒச்சப்பன் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தான்.

கடைசிவரை கேட்டது பெரியக்கா மட்டும். அதிசயமாக வாயே திறக்கவில்லை. பாட்டு முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கு எதுக்குடி யோசிச்சே?"

நீதி: பாட்டில் உண்மை இருந்தால் கூட்டம் டீ குடிக்கப் போகும். பாடுகிறவர் காலில் நகம் இருந்தால் கூட்டம் உட்கார்ந்து கேட்கும். ஆகவே பாடப் பழகும் பிள்ளைகள் முதலில் நகம் வளர்க்கவும்.